லட்சத்தீவுக்கு முதல்முறை போகிறீர்களா? அனுமதி முதல் கப்பல் வரை, வரிசையாக

கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் கல்பேனித் தீவைச் சேர்ந்தவன். தங்கை கல்யாணத்துக்கு வரச் சொல்லி ஒரு மாதம் முன்பே கூப்பிட்டான். இந்தியாவுக்குள்தானே இருக்கிறது, டிக்கெட் எடுத்தால் போய்விடலாம் என்று நினைத்துவிட்டேன். வெளியாட்கள் லட்சத்தீவுக்குப் போக முன்கூட்டியே நுழைவு அனுமதி வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. கல்யாணம் முடிந்து ஐந்து வாரம் கழித்துத்தான் அந்தத் தீவில் கால் வைத்தேன். நடுவில் கொச்சிக்கு இரண்டு முறை வீணாகப் போய் வந்தேன். ஒரு முகவரிடம் முன்பணத்தையும் இழந்தேன். மூன்றாவது முறை எல்லாம் ஒழுங்காக நடந்தது. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்ற வரிசை தெரிந்தால் இதில் கஷ்டமான வேலை எதுவுமே இல்லை. நான் தவறவிட்ட கல்யாணத்தைப் போல நீங்களும் ஒன்றைத் தவறவிடக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எந்தத் தீவு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"லட்சத்தீவுக்குப் போகிறேன்" என்று பொதுவாகச் சொன்னால் இங்கே எந்த வேலையும் நகராது. அனுமதியில் தீவின் பெயர் இருக்கும். கப்பல் டிக்கெட்டிலும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

மொத்தம் 36 தீவுகள். எல்லாம் சேர்ந்து 32 சதுர கிலோமீட்டர்தான். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு புரியும். இந்த 36-இல் மக்கள் குடியிருப்பவை பத்து: கவரத்தி, அகத்தி, அமினி, கட்மத், கில்தான், செத்லத், பித்ரா, ஆந்த்ரோத், கல்பேனி, மினிக்காய். 2011 கணக்கெடுப்பின்படி எல்லாத் தீவுகளிலும் சேர்த்து 64,473 பேர். பித்ராவில் அப்போது இருந்தவர்கள் 271 பேர் மட்டுமே.

வரைபடத்தில் பக்கம் பக்கமாகத் தெரிகிறதே, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். கொச்சியிலிருந்து கல்பேனி 287 கிலோமீட்டர், கவரத்தி 404 கிலோமீட்டர். மினிக்காய் மற்ற தீவுகளிலிருந்து விலகி, ஒன்பது பாகைக் கால்வாய் என்கிற அகன்ற கடலுக்குத் தெற்கே, மாலத்தீவை நோக்கி இருக்கிறது. தீவுகளுக்கு இடையே போகும் படகுகளும் பருவத்தையும் வானிலையையும் பொறுத்துத்தான் ஓடும்.

சுருக்கமாகச் சொல்கிறேன். அலுவலக வேலை என்றால் தலைநகரான கவரத்தி. விமானம் இறங்குவது அகத்தியில் மட்டும். காயலில், அதாவது பவளப் பாறைக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத கடல்நீரில், நீந்தவும் முக்குளிக்கவும் ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கட்மத், பங்காரம் போகிறார்கள். பங்காரத்தில் ஊர் கிடையாது, விடுதிதான். மினிக்காய்க்கு நேரம் இருந்தால் கட்டாயம் போங்கள். 1885-இல் கட்டிய கலங்கரை விளக்கம் அங்கே இன்னும் நிற்கிறது; மொழியும் பழக்கமும் மற்ற தீவுகளிலிருந்து வேறுபட்டவை. ஆந்த்ரோத்தான் குடியிருப்புத் தீவுகளில் பெரியது, ஆனால் மற்றவற்றைப் போல அகன்ற காயல் அங்கே இல்லை. நீந்தும் ஆசையோடு போனால் ஏமாற்றமாக இருக்கும்.

2. யாரிடம் கேட்பது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நான் முதல் தடவை வீணாய்ப் போனதற்குக் காரணமே இதுதான். பேச்சு மலையாளம், கப்பல் கொச்சியிலிருந்து, ஆகவே கேரள அரசு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள் என்று போய் நின்றேன். அவர்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. லட்சத்தீவு ஒரு யூனியன் பிரதேசம். சட்டமன்றம் கிடையாது, முதலமைச்சர் கிடையாது. குடியரசுத் தலைவர் நியமிக்கும் நிர்வாகிதான் தலைமை. மக்கள் தேர்ந்தெடுப்பது ஒரு மக்களவை உறுப்பினரையும், உள்ளாட்சிக்கு மாவட்டப் பஞ்சாயத்து, கிராம தீவுப் பஞ்சாயத்து உறுப்பினர்களையும். நீதிமன்ற விஷயத்தில் மட்டும் கேரள உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறது.

உங்களுக்குத் தேவையான கதவுகள் இரண்டு. கொச்சி வில்லிங்டன் தீவில் இந்திரா காந்தி சாலையில் இருக்கும் லட்சத்தீவு நிர்வாக அலுவலகம் ஒன்று. அதே நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பான 'ஸ்போர்ட்ஸ்' இன்னொன்று. பெயரைப் பார்த்து விளையாட்டுச் சங்கம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள். தீவுக்குப் போன பிறகு, அந்தந்தத் தீவின் துணை ஆட்சியர் அலுவலகமும் காவல் நிலையமும்தான் உங்களுக்கு அரசாங்கம்.

3. எந்த வழியில் போகிறீர்கள்?

இரண்டு வழி உண்டு.

ஒன்று, சுற்றுலாத் திட்டம். 'ஸ்போர்ட்ஸ்' நடத்தும் திட்டங்களில் 'சமுத்திரம்' பிரபலமானது. ஐந்து நாள், எம்.வி. கவரத்தி கப்பலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் ஆகிய மூன்றையும் காட்டிக் கூட்டிவருவார்கள். இரவு கப்பலிலேயே தூக்கம், பகலில் தீவு. கப்பல், சாப்பாடு, அனுமதி வேலை எல்லாம் ஒரே தொகைக்குள் வந்துவிடும். குடும்பத்தோடு, வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். தனியார் பயண நிறுவனங்களும் அனுமதி எடுத்துத் தருகின்றன. பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அனுமதி கிடைக்கவில்லை என்றால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள்?" பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் போனில் வாங்கிய வாக்குறுதியை நம்பித்தான் முன்பணத்தை விட்டேன்.

இரண்டாவது, தீவில் உள்ள நண்பரோ உறவினரோ உங்களுக்குப் பொறுப்பேற்று அழைப்பது. அவரைத்தான் ஸ்பான்சர் என்கிறார்கள். நான் போனது இந்த வழியில். செலவு குறைவு, ஆனால் காகித வேலை முழுக்க உங்கள் தலையில். உங்கள் நண்பர் தம் உறுதிமொழியையும் அடையாள அட்டை நகலையும் தர வேண்டும். அவர் பெயருக்கு ஒரு பொறுப்பு எழுதப்படுகிறது என்பதை மறக்காதீர்கள். நீங்கள் அங்கே செய்யும் தப்புக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அரசுப் பணி நிமித்தமாகப் போகிறவர்களுக்கு அனுமதியிலிருந்து விலக்கு உண்டு. பணி ஆணையின் நகலை மட்டும் கையில் வைத்திருங்கள்.

4. காவல் துறைச் சான்றிதழை உடனே தொடங்குங்கள்

மொத்த வேலையிலும் அதிக நாள் பிடிப்பது இதுதான். உங்கள் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று சொந்த ஊர்க் காவல் துறை தரும் சான்றிதழ். தமிழ்நாட்டுக்காரர்கள் தமிழ்நாடு காவல் துறையின் இணையச் சேவையில் 'காவல் சரிபார்ப்பு' பகுதியில் விண்ணப்பிக்கலாம். நான் 500 ரூபாய் கட்டினேன். பன்னிரண்டாவது நாள் கையில் வந்தது. காவலர் வீட்டுக்கு வரும்போது நீங்கள் ஊரில் இல்லையென்றால் நாள் கூடும், அதனால் விண்ணப்பித்த பிறகு வெளியூர்ப் பயணம் வேண்டாம்.

இதில் ஒரு குழி இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட் அலுவலகம் தரும் சான்றிதழும் இதுவும் பெயரில் ஒன்றுபோலத் தெரியும். அது வேறு, இது வேறு. பழைய பாஸ்போர்ட் சான்றிதழ் இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள்.

சுற்றுலாத் திட்டத்தில் போகிறவர்கள், இதை யார் எடுக்க வேண்டும் என்பதை அமைப்பாளரிடம் முதல் நாளே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

5. அனுமதிக்கு விண்ணப்பிப்பது

லட்சத்தீவு நிர்வாகத்தின் இ-பெர்மிட் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கையில் தயாராக இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், ஆதார் போன்ற அடையாள அட்டை, காவல் துறைச் சான்றிதழ், ஸ்பான்சர் வழி என்றால் அவருடைய உறுதிமொழி, போகும் தீவுகளின் பெயர், போகும் வரும் தேதிகள்.

கட்டணம் பெரிதல்ல. ஆளுக்கு விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாய். அதோடு மரபுக் கட்டணம், 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 200 ரூபாய், 12 முதல் 18 வயது வரை 100 ரூபாய். பணம் கட்டும் நாளில் இணையதளத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதையே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சொல்லப்போவதுதான் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு முக்கியம். நம் ஆட்களுக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் இல்லை. என் ஆதாரில் பெயருக்குப் பின்னால் இனிஷியல். காவல் துறைச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் இனிஷியல். விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்டதற்கு நான் அப்பா பெயரை முழுதாகப் போட்டேன். மூன்று காகிதத்தில் மூன்று ஆள். விண்ணப்பம் திரும்பி வந்தது, நான் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன், கல்யாணமும் அந்த வாரம்தான் நடந்தது. ஆகவே ஆதாரில் எந்த எழுத்து எந்த இடத்தில் இருக்கிறதோ, அப்படியே எல்லா இடத்திலும் போடுங்கள். காவல் துறை விண்ணப்பத்திலிருந்தே இதைத் தொடங்க வேண்டும், ஏனென்றால் அதில் தப்பு வந்தால் திருத்தத்தான் அதிக நாள் ஆகும்.

இன்னொன்று. இரண்டு தீவு போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் இரண்டையும் விண்ணப்பத்தில் குறிப்பிட்டுவிடுங்கள். அங்கே போன பிறகு மனம் மாறி, பக்கத்துத் தீவுக்குப் படகு ஏறலாம் என்றால் முடியாது.

சான்றிதழும் அனுமதியும் சேர்த்து ஒன்றரை மாதம் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சீக்கிரம் முடிந்தால் நல்லது.

6. கப்பலா, விமானமா?

அனுமதி கைக்கு வரும்வரை திருப்பித் தராத டிக்கெட் எதையும் எடுக்காதீர்கள். அனுமதி இல்லாதவரைக் கப்பலிலும் ஏற்ற மாட்டார்கள், விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள்.

விமானம் கொச்சியிலிருந்து அகத்திக்கு, சுமார் ஒன்றரை மணி நேரம். ஓடுபாதை குட்டை, அதனால் சிறிய விமானம்தான். சாமான் எடைக் கட்டுப்பாட்டை டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் நாளுக்கு நாள் மாறும், விடுமுறைக் காலத்தில் எகிறும். அகத்தியைத் தவிர வேறு தீவு என்றால் அங்கிருந்து படகு பிடிக்க வேண்டும். விமான நேரத்துக்கும் படகு நேரத்துக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. அகத்தியில் ஒரு இரவு தங்க இடம் பார்த்து வைப்பது நல்லது.

கப்பல் 14 முதல் 18 மணி நேரம், தீவைப் பொறுத்து. எம்.வி. கவரத்திதான் பெரியது, சுமார் 700 பேர் போகலாம். கோரல்ஸ், லகூன்ஸ், அரேபியன் சீ, லட்சத்தீவு சீ என்று இன்னும் சில உண்டு. இரண்டு பேர் அறை, நான்கு பேர் அறை, படுக்கை வரிசை என்று வகுப்புகள். தீவுக்காரர்களுக்கு ஒரு கட்டணம், வெளியாட்களுக்கு அதைவிட அதிகம். அவர்களுக்கு அது நம் ஊர்ப் பேருந்து மாதிரி. மருத்துவமனைக்கும் படிப்புக்கும் அதில்தான் வந்து போகிறார்கள். கேரளத்தில் படிக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வீடு திரும்பும் நாட்களிலும், ரம்ஜானை ஒட்டியும் இடம் கிடைப்பது கடினம். அந்த நாட்களைத் தவிர்த்தால் உங்களுக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

போகும் டிக்கெட்டோடு திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுங்கள். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டிவரும், அதற்குள் அனுமதித் தேதி தாண்டிவிடும்.

எப்போது போகலாம்? அக்டோபரிலிருந்து மே நடுப்பகுதி வரை. தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் கடல் கொந்தளிக்கும், கப்பல் குறையும், சின்னப் படகுகள் நின்றுவிடும்.

7. கொச்சியில் ஒரு நாள் முன்பே இருங்கள்

கப்பல் அட்டவணை வானிலைக்கும் அவசரங்களுக்கும் ஏற்ப மாறும். என் இரண்டாவது பயணம் இப்படித்தான் போனது: கப்பல் இரண்டு நாள் தள்ளிப்போனது, எனக்கு விடுப்பு இல்லை, திரும்பிவிட்டேன். முன்னும் பின்னும் இரண்டு நாள் விடுப்பைக் கூடுதலாக எழுதிக் கொடுங்கள். என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தின் உண்மையான செலவு கொச்சியில் விடுதியில் காத்திருக்கும் நாட்கள்தான். பட்ஜெட்டில் அதையும் போடுங்கள்.

எறணாகுளம் ஜங்ஷனில் இறங்கினால் வில்லிங்டன் தீவு ஆட்டோவில் போகும் தூரம். துறைமுகத்தின் பயணிகள் சோதனை மையத்தில் அனுமதி, டிக்கெட், அசல் அடையாள அட்டை மூன்றையும் காட்ட வேண்டும். எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்.

வாங்கிக்கொள்ள வேண்டியவை: குமட்டல் மாத்திரை, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மருந்து தேவைக்கு மேல் ஒரு வாரத்துக்கு, ரொக்கப் பணம். தீவுகளில் வங்கியும் ஏடிஎம்மும் உண்டு, ஆனால் ஒன்று வேலை செய்யவில்லை என்றால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்காது. மதுபானம் வேண்டவே வேண்டாம். பங்காரம் தவிர மற்றத் தீவுகளில் மதுவிலக்கு, பையைச் சோதிக்கிறார்கள்.

8. கப்பலிலிருந்து இறங்குவது

இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. பல தீவுகளில் கப்பல் கரைக்கு வராது. பவளப் பாறைக்கு வெளியே நிற்கும், பக்கவாட்டுக் கதவைத் திறப்பார்கள், கீழே படகு அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். படகு மேலே வரும் நொடியில் கால் வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆட்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள், அவர்கள் சொல்லும்போது மட்டும் அடி எடுத்து வையுங்கள். இழுவைப் பெட்டி இதற்கு உதவாது. முதுகில் மாட்டும் பை போதும், இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். புடவையிலோ வேட்டியிலோ இறங்குவது சிரமம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போவதற்கு முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

கரை ஏறியதும் முதல் வேலை, காவல் நிலையத்துக்குப் போய் நிலைய அதிகாரியிடம் அனுமதியைக் கொடுப்பது. குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று தள்ளாதீர்கள். என் நண்பனின் அப்பா படகுத் துறையிலிருந்து நேராக என்னை அங்கேதான் கூட்டிப்போனார்.

9. அங்கே இருக்கும் நாட்களில்

இந்த அனுமதிக் கட்டுப்பாடு எதற்கு என்று அலைந்தபோது எரிச்சலாக இருந்தது. அங்கே நான்கு நாள் இருந்தபின் அந்த எரிச்சல் போய்விட்டது. கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்தில் ஒரு மெல்லிய மண் துண்டு. நன்னீர் என்பது மணலுக்கடியில் மிதக்கும் மழைநீர்தான், அதிகமாய் இறைத்தால் உப்பேறிவிடும். கவரத்தியில் 2005-இல் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் ஒரு குடிநீர் ஆலை அமைத்தது. மேற்பரப்பின் வெதுவெதுப்பான கடல்நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆழத்திலிருந்து இழுத்த குளிர்ந்த நீரால் அதைக் குளிரவைத்து நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் நன்னீர் எடுப்பார்கள். இப்படி உண்டாக்கிய நீரில்தான் நாம் அங்கே வாய் கொப்பளிக்கிறோம். வாளியில் அளந்து குளியுங்கள்.

மக்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் முஸ்லிம்கள். தீவுகளில் பிறந்த பெற்றோருக்குத் தீவிலேயே பிறந்தவர்கள் பட்டியல் பழங்குடியினர். வெளியாட்கள் அங்கே நிலம் வாங்கச் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது, ஆகவே அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். விலை விசாரிக்கும் ஆளைப் பார்த்தாலே அவர்களுக்குக் கவலை வரும். வீடும் சொத்தும் பெரும்பாலும் தாய்வழியில் வரும். குமரி மாவட்டத்துக்காரர்களிடம் மருமக்கள்வழி என்றால் உடனே புரிந்துவிடும்.

பேச்சு ஜெசரி என்கிற மலையாள வகை. மெதுவாகப் பேசினால் நமக்குப் பாதிக்கு மேல் பிடிபடும். மினிக்காயில் மட்டும் மஹல். மாலத்தீவின் திவேகியோடு சேர்ந்த மொழி அது, ஒரு சொல்லும் விளங்காது. அந்தத் தீவு தனித்தனி ஊர்களாகப் பிரிந்து, ஊருக்கு ஊர் தலைவரும் பொதுக்கூடமும் வைத்திருக்கிறது. கேட்டுவிட்டு உள்ளே போங்கள். பெண்களைக் கேட்காமல் படம் எடுப்பது எந்தத் தீவிலும் கூடாது. ஊருக்குள் நீச்சலுடையில் நடக்கக் கூடாது.

அரசு அலுவலக வேலை இருந்தால் ஞாயிறு விடுமுறை. 2021 வரை பள்ளிகளுக்கு வெள்ளி விடுமுறை இருந்தது, பிறகு மாறிவிட்டது. ஆனாலும் வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் கடை திறந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இணையம் முன்பைவிடப் பரவாயில்லை. கொச்சியிலிருந்து கடலடிக் கண்ணாடியிழைக் கம்பி 2024 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது.

10. திரும்பும்போது பையில் என்ன இருக்கலாம்

கரையில் செத்து ஒதுங்கிய பவளத் துண்டுகூட வேண்டாம். எடுத்தால் குற்றம், சோதனையில் மாட்டினால் உங்கள் ஸ்பான்சருக்கும் தலைவலி. பிடிக்கத் தடையுள்ள கடல் அட்டையோடு மாட்டினால் என்ன தண்டனை என்று ராமநாதபுரத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும், அங்கேயும் அதே சட்டம்தான். நீங்கள் கொண்டுபோன பிளாஸ்டிக் பாட்டிலையும் உறைகளையும் திரும்ப எடுத்து வாருங்கள். குப்பை கொட்ட அந்தத் தீவில் இடம் இல்லை.

கொண்டுவரக் கூடியது மாசி. நம் தூத்துக்குடிப் பக்கம் கிடைக்கும் அதே மாசிக் கருவாடுதான், சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டிக் காய வைத்தது. நண்பனின் அம்மா கல்யாணத்துக்கு வராத பிள்ளைக்கு என்று எடுத்துவைத்திருந்ததைக் கொடுத்தனுப்பினார். இரண்டு உறை போட்டு இறுகக் கட்டி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நான்கு பேர் படுக்கும் அறையில் பதினைந்து மணி நேரம் அந்த வாசனை போகாது.